தரங்கம்பாடி அச்சகம், 1712–1728: எழுத்து வார்ப்பும் தாள் தட்டுப்பாடும் பற்றிய நிகழ்வு ஆய்வு

1713ஆம் ஆண்டின் நடுவில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சரக்குகளில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் இருந்தன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடுவது என்பது மிஷனரிகளின் திட்டம். வேலையைத் தொடங்க முற்பட்டபோது, எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை என்பதும், அந்த அளவில் முழு நூலையும் அச்சிடக் கையிருப்புத் தாள் போதாது என்பதும் தெரிந்தன. அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்காமல், அவர்கள் அந்தக் கடற்கரையிலேயே சிறிய அளவில் தமிழ் எழுத்துகளைப் புதிதாக வார்த்தார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய முதற்பகுதி வெளிவந்தது. 1715இல் நூல் முழுமை பெற்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத் தொழில்நுட்பம் என்றவுடன், 1709இல் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி கல்கரியை (கோக்) கொண்டு இரும்பு உருக்கியதும், 1712இல் தாமஸ் நியூகோமன் சுரங்க நீரை இறைக்க நீராவிப் பொறி நிறுவியதுமே நினைவுக்கு வருகின்றன. அதே ஆண்டுகளில் சோழமண்டலக் கரையில் நடந்த இந்த வேலை, பெரும்பாலும் சமய வரலாற்றிலோ தமிழ் உரைநடை வரலாற்றிலோ ஒரு பத்தியாகச் சொல்லி முடிக்கப்படுகிறது. அதை ஒரு தொழில்நுட்பம் கடல் கடந்து வந்து வேரூன்ற முயன்ற நிகழ்வாக எடுத்துக்கொண்டு, எந்தப் பகுதி வேரூன்றியது, எந்தப் பகுதி பட்டுப்போனது என்று பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். அச்சுப்பொறி வந்த கதை சுவையானதுதான். ஆனால் தரங்கம்பாடியின் உண்மையான சாதனை எழுத்து வார்ப்புக் கூடம் என்றும், அதன் உண்மையான தோல்வி தாளாலை என்றும் நான் கருதுகிறேன்.

1712க்கு முந்தைய நிலை

தமிழ் அச்சு தரங்கம்பாடியில் பிறந்ததன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கச் சிறுநூல். அதற்கான எழுத்துகளில் ஒரு தொகுதி கோவாவிலும் மற்றொன்று கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. அண்டிறீக்கு அடிகள் என்று தமிழில் அறியப்படும் என்றிக்கே என்றீக்கசு எழுதிய 'அடியார் வரலாறு' 1586இல் வெளிவந்தது. நெடிய இடைவெளிக்குப் பின் 1679இல், கேரளத்தின் அம்பலக்காட்டில், அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி மர எழுத்துகளைக் கொண்டு அச்சானது. அதன் பிறகு தமிழ் அச்சு நின்றுபோயிற்று. இந்நூல்களை அச்சிட்ட ஏசு சபையார் விட்ட இடத்திலிருந்து எடுத்துத் தொடரும்படியாக, எழுத்துத் தொகுதியோ பழகிய கைகளோ எஞ்சவில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிக் புளூட்சோ என்னும் இரு லுத்தரன் மிஷனரிகளும் வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருந்தது.

தரங்கம்பாடி அப்போது டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைவசம் இருந்தது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி டேனியர் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். மிஷனரிகளை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். அவர்களுக்குப் பின்னால் அறிவுத் துணையாக நின்றது ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நிறுவிய அநாதை இல்லமும் அதைச் சார்ந்த பள்ளிகளும் அச்சகமும். வணிகத்துக்காக வந்த கம்பெனிக்கு மிஷனரிகள் தலைவலியாகவே தெரிந்தார்கள். 1708 இறுதியில் கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் சீகன்பால்குவைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதங்களுக்குப் பிறகே அவர் வெளியே வந்தார்.

சீகன்பால்கு தமிழைக் கற்ற வேகமும் ஆழமும் வியப்புக்குரியவை. வந்த இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏட்டுச்சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதிப் பட்டியலிட்டார். 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். ஆனால் முடித்த நூலைப் பரப்ப அவரிடம் இருந்த வழி, எழுத்தாணி பிடித்தவர்களைக் கூலிக்கு அமர்த்தி ஓலையில் படியெடுப்பது ஒன்றுதான். நீண்ட உரைநடை நூலை ஓலையில் எழுதுவது மெதுவான வேலை, செலவும் மிகுதி. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு படி என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆகவேதான் அவருடைய கடிதங்கள் அச்சுப்பொறி கேட்டு ஐரோப்பாவுக்குப் போயின.

பொறி வந்த வழி

கடிதங்களில் சில லண்டனுக்கும் எட்டின. இங்கிலாந்து அரசியின் கணவரான டென்மார்க் இளவரசர் ஜார்ஜின் அரண்மனைக் குருவாக இருந்த அன்டோன் வில்ஹெல்ம் பேமே அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1709இல் வெளியிட்டார். 1698இல் தோன்றிய எஸ்.பி.சி.கே. என்னும் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அதைப் படித்து ஆர்வம் கொண்டு, ஓர் அச்சுப்பொறியையும் ரோமன் எழுத்துகளையும் தாளையும் வாங்கி, யோனாஸ் பிங்க் என்ற அச்சாளரையும் சேர்த்து 1711இல் கப்பலேற்றியது.

அப்போது ஐரோப்பாவில் ஸ்பானிய அரியணைப் போர் நடந்துகொண்டிருந்தது. கப்பல் பிரேசில் கரையை அடைந்த வேளையில் பிரெஞ்சுக் கடற்படை ரியோ டி ஜெனிரோவைத் தாக்கிக் கைப்பற்றியது. மிஷனுக்கான சரக்கோடு வந்த கப்பலும் அவர்களிடம் சிக்கியது. பணம் கொடுத்து மீட்கப்பட்ட பின்னரே பயணம் தொடர்ந்தது. பிங்க் வழியிலேயே, நன்னம்பிக்கை முனைக்கு அருகில், காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் பொறி தரங்கம்பாடிக்கு வந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் வரவில்லை.

டேனியக் கோட்டைப் படைவீரர்களில் ஷ்லோரிக்கே என்பவருக்கு அச்சுத்தொழில் தெரிந்திருந்தது என்பது மிஷனுக்குக் கிடைத்த பேறு. அவரைக் கொண்டு அவ்வாண்டே போர்த்துகீசிய மொழியில் சிறு வெளியீடுகள் அச்சாயின. போர்த்துகீசியம் அன்று கரையோர நகரங்களில் பலரும் புழங்கிய பொதுமொழி. அதற்கு வேண்டிய ரோமன் எழுத்துகளும் பொறியோடு வந்திருந்தன. ஆக, 1712இல் தரங்கம்பாடியில் அச்சகம் இருந்தது. தமிழ் அச்சகம் இன்னும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 1712ஐயே தமிழ் அச்சின் மறுபிறப்பாக எழுதிவிடும் வழக்கம் உண்டு. மரச்சட்டமும் திருகாணியும் அழுத்துபலகையும் கொண்ட பொறி எந்த மொழிக்கும் பொதுவானது. கைதேர்ந்த தச்சரும் கொல்லரும் இருந்தால் அதை உள்ளூரிலேயே செய்துவிட முடியும். மொழிக்கு உரியது எழுத்து. கடினமான வேலை அங்கேதான் இருந்தது.

ஓர் எழுத்தைச் செய்வது

அச்சு எழுத்து எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று நின்று பார்க்காமல் இந்நிகழ்வின் எடையை உணர முடியாது.

முதலில் விரலளவு எஃகுத் துண்டொன்றின் முனையில், எழுத்தின் வடிவத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய புடைப்பாக அரத்தாலும் உளியாலும் செதுக்க வேண்டும். அதைச் சுடரில் காட்டிக் கரி படியவைத்துத் தாளில் ஒற்றிப் பார்த்து, கோடு தடித்திருந்தால் தேய்த்து, சுழி அடைத்திருந்தால் அகழ்ந்து, மீண்டும் ஒற்றிப் பார்க்க வேண்டும். வடிவம் அமைந்தபின் எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கி, மெல்லிய செப்புக் கட்டியில் சுத்தியலால் அடித்து இறக்கினால், எழுத்தின் பள்ளம் செம்பில் பதியும். அந்தச் செப்பு அச்சைக் கையில் பிடிக்கும் இரும்பு வார்ப்புப் பெட்டியின் அடியில் பொருத்தி, ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து உருக்கிய குழம்பை அகப்பையால் ஊற்றி, ஊற்றிய கணத்திலேயே கையை மேலே உதற வேண்டும்; உதறல் தவறினால் குழம்பு சுழியின் மூலைகளுக்குள் புகாமல் எழுத்து மொண்ணையாகிவிடும். பெட்டியைத் திறந்து எழுத்தை எடுத்து, வாலை முறித்து, பக்கங்களைத் தேய்த்து, எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்கும்படி சரிபார்க்க வேண்டும். ஒன்று ஒரு மயிரிழை தாழ்ந்தால் அது தாளில் விழாது. உயர்ந்தால் தாளைக் கிழிக்கும்.

இதை ஒவ்வோர் உருவுக்கும் ஒரு முறை செய்ய வேண்டும்; பின்னர் ஒவ்வோர் உருவிலும் எத்தனை படிகள் வேண்டுமோ அத்தனையும் வார்க்க வேண்டும். தமிழுக்கு எத்தனை உருக்கள்? உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1. காலும் கொம்பும் இரட்டைக் கொம்பும் தனித்தனியாக நிற்பதால் அவற்றுக்கு மூன்று போதும். ஆனால் இகர ஈகாரங்களில் மேல்விலங்கும், உகர ஊகாரங்களில் கீழ்விலங்கும் மெய்யோடு ஒட்டியே நிற்கின்றன. அவற்றுக்குத் தனித்தனி உரு வேண்டுமென்றால் 18ஐ நான்கால் பெருக்க 72. பழைய வடிவில் ணா, றா, னா என்னும் மூன்றும், ணை, லை, ளை, னை என்னும் நான்கும் தனி உருக்கள். கூட்டினால் 113. அன்றைய உரைநடையில் தாராளமாகப் புழங்கிய கிரந்த எழுத்துகளும், அவற்றின் உயிர்மெய்களும், எண்களும் இதற்கு மேல். போர்த்துகீசியத்துக்கு வந்த ரோமன் தொகுதியோடு ஒப்பிட்டால் உருக்களின் எண்ணிக்கை மட்டுமன்றி, செதுக்கும் கடினமும் கூடுதல். சுழிகளும் வளைவுகளும் எழுத்தாணி ஓலையைக் கிழிக்காமல் ஓடுவதற்கு ஏற்ப வளர்ந்தவை. எஃகில் அவற்றை அகழ்வது வேறொரு தொழில்.

ஹாலேயில் இவ்வெழுத்துகளைச் செதுக்கியவர்களுக்குத் தமிழ் தெரியாது. தரங்கம்பாடியிலிருந்து மிஷனரிகள் எழுதி அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, எந்த வளைவு எழுத்துக்கு உயிரானது, எந்த வளைவு எழுதியவரின் கைவாகு என்று பிரித்தறிய வழியில்லாமல், தாளில் கண்டதைக் கண்டபடி எஃகில் இறக்கினார்கள். அந்த நிலையில் எழுத்து பெரிதாக இருப்பதே பாதுகாப்பு. பெரிய உருவில் சுழிகள் அடைக்காது, தவறு நேர்ந்தாலும் படிக்க முடியும். ஹாலே எழுத்துகளின் பெரிய அளவைப் பலர் திட்டமிடலின் குறையாகச் சொல்கிறார்கள். அறியாத வரிவடிவத்தை முதன்முறை செதுக்கும் எந்தத் தேர்ந்த கைவினைஞனும் அதையே செய்திருப்பான் என்பதே என் எண்ணம். அந்தத் தொகுதி படிக்கத் தக்கதாக அமைந்ததே பெரிய காரியம்.

எழுத்துகளோடு வந்தவர் யோஹான் கொட்லிப் ஆட்லர் என்னும் அச்சாளர். அவருடைய தம்பியான ஒரு சிறுவனும் உடன் வந்தான். அவ்வாண்டே, 1713இல், ஹாலே எழுத்துகளைக் கொண்டு முதல் தமிழ் வெளியீடுகள் அச்சேறின.

சிறிய எழுத்து

எழுத்தின் அளவு ஏன் இவ்வளவு பெரிய பொருட்டு ஆயிற்று என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். எழுத்தை உயரத்திலும் அகலத்திலும் நான்கில் ஒரு பங்கு குறைத்தால், ஒரே உரை பிடிக்கும் பரப்பு முக்காலை முக்காலால் பெருக்கக் கிடைக்கும் அளவு, அதாவது முன்பிருந்ததில் 16க்கு 9 பங்கு, ஆகிறது. நூறு கட்டுத் தாள் வேண்டிய இடத்தில் ஐம்பத்தாறு கட்டு போதும். தாள் முழுவதும் ஐரோப்பாவிலிருந்து ஏழெட்டு மாதக் கடற்பயணத்தில், போரையும் புயலையும் தாண்டி வரவேண்டியிருந்த காலத்தில், இந்த வேறுபாடு ஒரு நூல் வெளிவருவதா கிடப்பில் கிடப்பதா என்பதையே தீர்மானித்தது.

ஆனால் சிறிய எழுத்து வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் மட்டும் அது வந்துவிடாது. ஹாலேயின் செப்பு அச்சுகளில் எத்தனை முறை வார்த்தாலும் பெரிய எழுத்தே வரும். ஆகவே ஒவ்வோர் உருவுக்கும் அச்சைப் புதிதாகச் செய்தாக வேண்டும். ஹாலேக்கு எழுதி, அவர்கள் செதுக்கி, கப்பல் திரும்பி வருவதென்றால் இரண்டு ஆண்டுகளாவது ஓடிவிடும். ஆட்லர் தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் வார்ப்புக் கூடம் அமைத்து இந்த வேலையை மேற்கொண்டார். எஸ்.பி.சி.கே. மிஷனுக்கு அனுப்பிய செஷைர் பாலாடைக்கட்டியின் ஈய மூடிகளை உருக்கி எழுத்துகள் வார்க்கப்பட்டன என்று மிஷன் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உணவோடு வந்த மூடியைக்கூட வீணாக்காமல் உலையிலிட வேண்டிய அளவுக்கு உலோகத்துக்கும் தட்டுப்பாடு இருந்தது என்பதற்கு அச்செய்தியே போதிய சான்று.

இந்த இடத்தில் பொறையாற்றுக் கூடம் ஹாலேயை விஞ்சியது என்று சொல்லலாம். ஹாலேயில் பட்டறை இருந்தது, பழகிய கைகள் இருந்தன. தமிழ் படிக்கும் கண்கள் இல்லை. பொறையாற்றில் கருவிகள் குறைவு. ஆனால் ஒற்றிப் பார்த்த தாளை அப்போதே ஒருவரிடம் காட்டி, இது ள போல் இருக்கிறதா அல்லது ன போல் மயங்குகிறதா என்று கேட்க முடிந்தது. எழுத்தைச் சிறிதாக்குவது என்பது வெறுமனே அளவைச் சுருக்குவதன்று. சிறுத்த உருவில் எந்தச் சுழியைத் திறந்து வைக்க வேண்டும், எந்த வாலைக் குறுக்கலாம் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் முடிவெடுப்பது. அந்த முடிவுகள் படிக்கத் தெரிந்தவர்களின் நடுவில் எடுக்கப்பட்டன. தரங்கம்பாடி மிஷனில் சீகன்பால்குவுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர்களும், மொழிபெயர்ப்பில் துணைநின்றவர்களும், பள்ளியில் பயின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். நூலின் தலைப்புப் பக்கம் லத்தீனில் ஆட்லரின் பெயரை மட்டும் தாங்கி நிற்கிறது. அச்சுக் கோத்த தமிழ்க் கைகளின் பெயர் அங்கே இல்லை என்பது எனக்கு ஆறாத மனக்குறை.

எழுத்து உள்ளூரில் வார்க்கப்பட்டதால் கிடைத்த மற்றொரு நன்மையும் உண்டு. தமிழில் சில எழுத்துகள் அளவுக்கு மீறிப் புழங்குபவை. க, த, ம, ன, ர போன்றவை ஒவ்வொரு வரியிலும் பலமுறை வரும். ஒரு ஃபாரத்துக்கு, அதாவது ஒரே தடவையில் அச்சிடும் பக்கத் தொகுதிக்கு, கோக்கும்போது இவற்றில் ஒன்று தீர்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும். முன்பு கோத்ததை அச்சிட்டு, கலைத்து, எழுத்துகளை அறைகளில் போட்ட பிறகே மேலே கோக்க முடியும். வார்ப்புக் கூடம் பக்கத்திலேயே இருந்தால் தீர்ந்த எழுத்தை அன்றைக்கே வார்த்துக்கொள்ளலாம்; தேய்ந்ததை உருக்கி மீண்டும் வார்க்கலாம். தொலைவிலிருந்து வாங்கிய தொகுதியோடு நின்றுவிடும் அச்சகம் அந்தத் தொகுதி தேயும் வரைதான் உயிர்வாழும்.

தாளாலை

தாளுக்கும் இதே வழியைக் காண மிஷனரிகள் முயன்றார்கள். 1715 அளவில், டேனிய ஆளுநரின் ஒத்துழைப்போடு, பொறையாற்றில் தாளாலை ஒன்றை எழுப்பினார்கள். அச்சு மையையும் உள்ளூரிலேயே செய்துகொள்ள முற்பட்டார்கள். மை செய்வது ஒப்பளவில் எளிது. ஆளி விதை எண்ணெயைக் காய்ச்சி ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவந்து விளக்குக்கரியைக் குழைத்தால் அச்சு மை. எழுதும் மையைப்போல் அது நீர்மமாக இருந்தால் ஈய எழுத்தில் நிற்காமல் வழிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கே அதன் உயிர்.

தாள் வேறு கதை. அன்றைய ஐரோப்பியத் தாள் மரக்கூழால் ஆனதன்று. கந்தைத் துணியால் ஆனது. கந்தையை ஊறவைத்து, மட்கவிட்டு, உலக்கை வரிசைகளால் நாள்கணக்கில் இடித்து நாராக்கி, நீரில் கலக்கி, கம்பிச் சட்டத்தால் அள்ளி, கம்பளித் துணிகளுக்கிடையே அழுத்தி, உலர்த்தி, விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசையில் தோய்த்து மீண்டும் உலர்த்த வேண்டும். இடிக்கும் விசைக்கு ஐரோப்பிய ஆலைகள் ஓடும் நீரைப் பயன்படுத்தின. தட்டையான ஹாலந்தில் காற்றாலைகளைப் பயன்படுத்தினார்கள். காவிரிக் கழிமுகத்தில், கடலை ஒட்டிய சமதரையில், நீர்ச்சக்கரத்தை வேகமாகச் சுழற்றும் அளவுக்கு நீர் எங்கும் உயரத்திலிருந்து விழுவதில்லை. வார்ப்புக் கூடத்துக்குத் தேவைப்பட்டது ஓர் உலை, சில கருவிகள், கூர்மையான கண்கள். தாளாலைக்குத் தேவைப்பட்டதோ இடையறாத விசை, தட்டாத கந்தை வரத்து, நிறைய ஆள்பலம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிறிய மிஷனால் தாங்க முடியாத தொடர்முதலீடு. ஆலை சில ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை.

இந்தத் தோல்வியை மிஷன் வரலாறுகள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. எனக்கு அது முழு நிகழ்வின் அச்சாணியாகத் தெரிகிறது. ஒரே ஊரில், ஒரே மனிதர்கள், ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில், ஒரு தொழிலின் இரண்டு உறுப்புகளை உள்ளூரில் நட்டார்கள்; சிறிய அளவிலும் செய்ய இயன்ற உறுப்பு தழைத்தது, பெரிய அளவில் மட்டுமே செய்ய இயன்ற உறுப்பு பட்டுப்போயிற்று.

அச்சேறியவையும் அச்சேறாதவையும்

அச்சகத்தின் நோக்கம் சமயப் பரப்புரை. 1713இன் முதல் தமிழ் வெளியீடுகளில் ஒன்றான 'அக்கியானம்' உள்ளூர்ச் சமயத்தைச் சாடிய சிறுநூல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே 1713இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பிய நூலை, அதை அச்சிடுவது மிஷனின் வேலையன்று என்று கருதிப் பிராங்கே ஒதுக்கிவைத்தார். 1867இல்தான் அது சென்னையில் கெர்மன் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது. கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் சீகன்பால்கு 1708இலேயே ஜெர்மனில் பெயர்த்திருந்தார். இத்தனை தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர், தம் கையெட்டும் தொலைவில் தமிழ் எழுத்தும் பொறியும் இருந்தும், அவற்றில் ஒன்றையும் தமிழிலேயே அச்சிடவில்லை. தாள் தட்டுப்பாடு ஒரு காரணம். அனுப்பியவர்களின் நோக்கம் அதைவிடப் பெரிய காரணம். திருக்குறள் அச்சேறுவதற்குத் தமிழுலகம் 1812 வரை காத்திருந்தது.

1714 இறுதியில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். உடன் சென்றவர் மலையப்பன் என்னும் தமிழர். சீகன்பால்கு தாம் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூலை 1716இல் ஹாலேயில் அச்சிட்டார். தமிழ் எழுத்துகள் இன்னும் அங்கே இருந்ததால் அந்நூலை அங்கேயே அச்சிட முடிந்தது. அவர் இல்லாத காலத்தில் தரங்கம்பாடிப் பணிகளை யோஹான் எர்ன்ஸ்ட் கிருண்ட்லர் கவனித்தார். புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதி 1715இல் அச்சாகி முடிந்தது அவருடைய பொறுப்பில்தான்.

1716இல் திரும்பிவந்த சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் தம் 36ஆம் வயதில் இறந்தார். கிருண்ட்லர் அடுத்த ஆண்டு மறைந்தார். தலைமை தாங்கிய இருவரும் ஏறத்தாழ பதின்மூன்று மாத இடைவெளியில் போய்விட்ட நிலையில், முந்தைய நூற்றாண்டுகளின் கொல்லம், கொச்சி, அம்பலக்காட்டு முயற்சிகளைப் போல் இதுவும் முடிந்திருக்கலாம். முடியவில்லை. புதிதாக வந்திருந்த பெஞ்சமின் ஷுல்ட்சே, சீகன்பால்கு ரூத்தின் நூல் வரை செய்துவைத்திருந்த பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1723 தொடங்கிப் பகுதி பகுதியாக அச்சேறிய அது 1728இல் நிறைவுற்றது. எழுத்தும், எழுத்தைக் கோக்கும் கைகளும், தேய்ந்தால் மீண்டும் வார்க்கும் அறிவும் ஊரிலேயே இருந்ததால்தான் இரண்டு மரணங்களுக்குப் பிறகும் பொறி நிற்கவில்லை என்று கொள்கிறேன். அந்நூல்களுக்கான தாளோ, தாளாலையின் உலக்கைகள் ஓய்ந்தபின், முன்போலவே ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது.